உப்பைத் தின்னும் மரம் இல்லை

ஆரம்பாக்கம் தாண்டித் தடா, சூலூர்பேட்டை போகும் சாலையில் கிழக்கே பார்த்தால் பழவேற்காட்டு ஏரியின் சேறு. மேற்கே சத்தியவேடு, நாகலாபுரம் பக்கம் திரும்பினால் ஏரிப்பாசன வயல்கள். இரண்டு பக்கமும் கோடையில் மண் வெள்ளை பூக்கும். தமிழில் உவர் (கரையும் உப்பு மிகுந்த மண்), களர் (சோடியம் மிகுந்த மண்) என்று இரண்டு சொல் இருந்தும் எல்லையோரப் பேச்சில் எல்லாமே 'சவுடு'தான். தெலுங்கில் 'சௌடு நேல' என்பதும் அதுவே. (லாரிக்காரர்கள் சொல்லும் சவுடு வேறு, அது மனை மேடாக்கக் கொட்டும் மண்.) இரண்டு வேறு நோய்களை ஒரே பெயரால் கூப்பிடுவதால், ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டுப் பணத்தை விடுவது இங்கே வருஷா வருஷம் நடக்கிறது.

இந்த நிலங்களில் எரிபொருள் மரம் போடச் சொல்லி வருகிறவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "மரம் உப்பை உறிஞ்சிடும், அஞ்சு வருஷத்துல நெல்லே போடலாம்." அதை நம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நடுத்தரக் களிமண், பூரிதச் சாற்றில் (மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பிரித்த நீரில்) இ.சி. 8. இ.சி. என்பது மின்கடத்துதிறன், கரைந்த உப்பு கூடினால் அதுவும் கூடும். ஒரு ஏக்கரில் மேல் ஓரடி மண் ஏறக்குறைய 1,700 டன். அதில் கரைந்திருக்கும் உப்பு மட்டும் சுமார் மூன்றரை டன். நாலு வருஷச் சவுக்கில் காய்ந்த கட்டையாக 20 டன் எடுத்தாலும், கட்டையில் சாம்பல் நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான். அதாவது 200 முதல் 400 கிலோ. அதிலும் பெரும்பங்கு சுண்ணாம்பும் சாம்பல்சத்தும். சோடியமும் குளோரைடும் கொஞ்சம்தான் வெளியே போகும். இப்போது மறுபக்கம்: இ.சி. 2 உள்ள போர்த் தண்ணீரை ஐந்து செ.மீ. கட்டினால் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர். லிட்டருக்கு 1.28 கிராம் வீதம் ஒரே பாய்ச்சலில் 250 கிலோவுக்கு மேல் உப்பு உள்ளே வருகிறது, ஐந்து மூட்டை. பதினைந்து பாய்ச்சலில் கிட்டத்தட்ட நாலு டன்.

உப்பைக் கொண்டுவருவதும் தண்ணீர், கொண்டுபோவதும் தண்ணீர். இந்த நிலத்தில் என்ன மரம் என்பது இரண்டாவது கேள்வி. தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான் முதல் கேள்வி. வடிகால் இல்லாத பள்ளத்தில் எந்தக் கன்றை நட்டாலும், வேர் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பைத் தன் காலடியிலேயே குவித்துவிடும். உப்பு நீர்மட்டம் மேலே இருக்கும் தைலமரத் தோப்புகளில் மூன்றாம் நான்காம் வருஷத்தில் நடுப்பகுதி உச்சி காய்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

உவரா, களரா

கண்ணுக்குத் தெரியும் அடையாளம் உண்டு. உவரில் வெள்ளைப் பொருக்கு, காலை வைத்தால் பொதபொதவென்று இறங்கும், மழை நின்றபின் குட்டைத் தண்ணீர் தெளிவாக இருக்கும். களரில் மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் வெண்ணெய். குட்டைத் தண்ணீர் நாள்கணக்கில் கலங்கியே நிற்கும். சில இடங்களில் மேலே எண்ணெய் ஊற்றியது மாதிரி கருப்புப் படலம் இருக்கும். அது காரத்தில் கரைந்து வந்த மட்கு.

சந்தேகம் இருந்தால் கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் பிடித்து, பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போட்டு, கலக்காமல் விட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல மேகம் கிளம்பினால் சோடியம் மிகுந்த களர். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாகவே நின்றால் வெறும் உவராக இருக்கலாம், அல்லது உப்பும் சோடியமும் சேர்ந்த மண்ணாகவும் இருக்கலாம். உப்பு நிறைய இருக்கும்வரை களித்துகள் பிரியாது. ஆகவே அதே கட்டியை இரண்டு மூன்று முறை மழைத்தண்ணீர் மாற்றிக் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் செய்தால் தண்ணீரில் இருக்கும் உப்பே பதிலைக் கெடுத்துவிடும்.

மண் மாதிரியை மழைக்குப் பிறகு எடுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் எடுங்கள். உழவு ஆழம் மட்டும் போதாது. மரத்துக்காக என்றால் 0–15, 15–30, 30–60, 60–90 செ.மீ. என நாலு பையாகத் தனித்தனியே எடுக்க வேண்டும். மேலே உப்பும் அடியில் நல்ல மண்ணும் இருந்தால் நிலம் கரையேறும். மேலே நன்றாக இருந்து அடியில் போகப்போக உப்பு கூடினால், கீழே உப்பு நீர்மட்டம் காத்திருக்கிறது என்று பொருள்.

சீட்டு வந்ததும் பலர் ஏமாறும் இடம் ஒன்று. நம் பக்கத்து மண்பரிசோதனை நிலையங்கள் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து இ.சி. பார்க்கின்றன. பயிர் தாங்கும் அளவுகளை நூல்களில் கொடுத்திருப்பதோ பூரிதச் சாற்றுக் கணக்கில். சீட்டில் 1.2 என்று இருந்தால், மண்ணைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து மடங்கு பெருக்கித்தான் ஒப்பிட வேண்டும். மணலில் இன்னும் கூடும். "இ.சி. ஒண்ணு சொச்சம்தான், பயமில்லை" என்று நட்டுவிட்டு, நிஜத்தில் 5, 6 இருக்கும் மண்ணில் கன்று கருகுவது இப்படித்தான். பொது அளவுகள் எல்லாருக்கும் தெரிந்தவை: பூரிதச் சாற்றில் இ.சி. 4-க்கு மேல் என்றால் உவர், மாறக்கூடிய சோடியம் (களித்துகளில் ஒட்டியிருப்பது) நூற்றுக்கு 15-க்கு மேல் என்றால் களர் (பி.எச். பெரும்பாலும் 8.5 தாண்டியிருக்கும்), இரண்டும் சேர்ந்திருந்தால் களர்-உவர். ஏரிக்கரையோரம் கடைசி வகைதான் மிகுதி. அதைக் கையாள்வதில்தான் தவறும் மிகுதி.

ஜிப்சம்: யாருக்கு, எவ்வளவு

ஜிப்சத்திலிருக்கும் கால்சியம், களியில் ஒட்டிய சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும். வெறும் உவர் மண்ணுக்கு ஜிப்சம் தேவையில்லை. அங்கே வேண்டியது மழைநீரும் வடிகாலும். களருக்கு ஜிப்சம் இல்லாமல் எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் உள்ளே இறங்காது. களர்-உவரில் வரிசை முக்கியம்: முதலில் ஜிப்சம், பிறகு கழுவல். வரிசை மாறி மழைத்தண்ணீரை மட்டும் தேக்கிக் கழுவினால் கரையும் உப்பு போய்விடும், சோடியம் களியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நேற்றுவரை பொதபொதவென்று இருந்த மண் சிமெண்டாக இறுகிவிடும். உவரை ஓட்டப்போய்க் களரை வரவழைப்பது என்றால் இதுதான்.

அளவு: 15 செ.மீ. மண்ணில் 100 கிராமுக்கு ஒரு மில்லிஈக்விவலென்ட் (சீட்டில் வரும் வேதியியல் அளவு) சோடியத்தை இடம்பெயர்க்கச் சுத்தமான ஜிப்சம் ஏக்கருக்குச் சுமார் 0.78 டன். அயனி மாற்றுத்திறன் (களி பிடித்துவைக்கக்கூடிய மொத்த அளவு) 20, அதில் சோடியம் 35 சதவீதம் உள்ள மண்ணை 10 சதவீதத்துக்கு இறக்க 5 மில்லிஈக்விவலென்ட், அதாவது 3.9 டன். வாங்கும் ஜிப்சம் 75 சதவீதச் சுத்தம் என்றால் 5.2 டன். நெல்லுக்கே இதில் பாதியைப் போட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். மரத்துக்கு நிலம் முழுக்க இறைக்காமல் நடவு வரிசையில் ஒரு மீட்டர் அகலப் பட்டையாகப் போட்டால் செலவு இன்னும் குறையும். மூட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல் ஒரு மாதிரியைச் சுத்தம் பார்த்து வாங்குவது நல்லது. கல்லும் மண்ணும் கலந்த ஜிப்சம் இந்தச் சாலையில் நிறையவே ஓடுகிறது.

ஜிப்சம் எளிதில் கரையாத பண்டம். லிட்டருக்கு இரண்டரை கிராம்கூடக் கரையாது. ஏக்கரில் 10 செ.மீ. தண்ணீர் நிற்கிறது என்றால் சுமார் நாலு லட்சம் லிட்டர், அது கிட்டத்தட்ட ஒரு டன் ஜிப்சத்தைத்தான் கரைக்கும். மூன்று டன் போட்டுவிட்டு இரண்டு தூறலுக்குப் பிறகு "ஒண்ணும் ஆகலையே" என்று கேட்பதில் அர்த்தமில்லை. மேல் 10 செ.மீ.க்குள் ரோட்டவேட்டர் விட்டுக் கலக்கினால் போதும். சட்டிக்கலப்பையால் ஆழமாகப் புரட்டினால் ஜிப்சம் அடிமண்ணோடு கலந்து நீர்த்துப்போகும், அடியிலிருக்கும் மோசமான களரும் மேலே வந்துவிடும்.

காலம் இப்படி ஓடினால் சரியாக வருகிறது. சித்திரை வைகாசியில் மாதிரி, சமன்படுத்தல், சுற்றிலும் ஒன்றரை அடி வரப்பு. ஆனியில் ஜிப்சம். ஆடி, ஆவணியில் கிடைக்கும் மழைக்குத் தக்கைப்பூண்டு (ஆந்திரத்துப் பக்கம் ஜீலுக) ஏக்கருக்கு 20 கிலோ. பூ எடுக்கும் தறுவாயில், 45–50 நாளில், மடக்கி உழ வேண்டும். அதன் வேர் இறங்கிய துளை வழியாகத்தான் ஐப்பசி மழை உள்ளே போகும். நன்றாக வளர்ந்திருக்கிறதே என்று விதைக்கோ விறகுக்கோ விட்டுவைத்தால் தண்டு நாராகி மட்காது, நடவுக்கும் இடைஞ்சல். பிறகு வடகிழக்குப் பருவமழையை வரப்புக்குள் 10–15 செ.மீ. நிறுத்தி, இரண்டு மூன்று நாள் உள்ளே இறங்க விட்டு, மிச்சத்தை வடிகாலில் திறந்துவிட்டு, மறுபடி நிறுத்த வேண்டும். ஓரடி மண்ணின் உப்பில் பெரும்பகுதியை இறக்க ஏறக்குறைய ஓரடி நீர் அதன் வழியாக இறங்க வேண்டும் என்பது பழைய கணக்கு. அது இன்றும் பொய்க்கவில்லை.

எப்போது நடுவது

செம்மண் நிலத்தில் ஐப்பசி முதல் மழைக்கு நடுவது வழக்கம். உவரில் அதுதான் கன்றைக் கொல்கிறது. கோடை முழுக்க மேலே ஏறி நின்ற உப்பை முதல் தூறல் வெளியே கொண்டுபோகாது, நாலு அங்குலம் கீழே, சரியாகப் பிஞ்சு வேர் இருக்கும் இடத்துக்குத்தான் இறக்கும். மழைக்கு அடுத்த நாள் வெயில் அடித்தால் கன்று நுனி கருகிவிடும். "மழையிலே நட்டும் செத்துப்போச்சு" என்ற புலம்பலுக்கு விடை இதுதான். கார்த்திகைக் கடைசி முதல் தை நடுப்பகுதிவரை மண் வருஷத்திலேயே மிக இனிப்பாக இருக்கும் நேரம். புயல் மழையும் அடங்கியிருக்கும். அப்போது நட்டுக் கோடைக்குள் வேரை ஓரடிக்குக் கீழே இறக்கிவிடுவதுதான் உத்தி.

எங்கே நடுவது என்பதும் அதே அளவு முக்கியம். பார் கட்டினால் உப்பு பாரின் உச்சிக்கு ஏறும், ஏனென்றால் ஈரம் அங்கேதான் ஆவியாகிறது. அந்த உச்சியில் கன்று வைப்பது தட்டில் உப்பைக் கொட்டி அதன் நடுவில் வைப்பது மாதிரி. நவம்பரில் தண்ணீர் நிற்கும் ஏரியோரக் களியில் ஒன்றரை அடி உயரப் பார் போட்டு, உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, தோளில் நடுங்கள். தண்ணீர் நிற்காத மணற்பாங்கில் சாலின் அடியிலேயே நடலாம், பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் உப்பு வேரை விட்டு ஒதுங்கிப் பார்ப்பக்கம் போகும்.

என்ன போடலாம்

சவுக்கு (அந்தப் பக்கம் சருகுடு) இந்தக் கரையின் மரம். காற்றையும் உப்பையும் தாங்கும், வேர்முடிச்சிலிருக்கும் பிராங்கியா நுண்ணுயிர் தழைச்சத்தைச் சேர்க்கும். நாற்றங்கால் கலவையில் நோயில்லாத முதிர்ந்த தோப்பின் வேர்மண்ணைப் பத்தில் ஒரு பங்கு சேர்க்காவிட்டால், உப்பு மண்ணில் அந்த முடிச்சு தானாக வரும் என்று நம்ப முடியாது. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் வெளியிட்ட குளோன் கன்றுகள் ஒரே சீராக வளரும், ஆனால் எந்தக் குளோன் உவருக்கு, எது செம்மண்ணுக்கு என்று கேட்டு வாங்குங்கள். நர்சரியில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் இருக்கும். எந்த நர்சரிக் கன்றானாலும் நடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து உங்கள் போர்த் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து ஊற்றிப் பழக்குங்கள். நல்ல தண்ணீரிலேயே வளர்ந்த கன்று நட்ட வாரமே உப்பைக் கண்டு சுருண்டுவிடும். இடைவெளி ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை, ஏக்கருக்கு 1,800 கன்று. நல்ல நிலத்தில் போடுவது போல ஒரு மீட்டருக்கு ஒன்று என 4,000 நெருக்கினால் கோடையில் ஈரத்துக்குப் போட்டி வந்து எல்லாமே குச்சியாக நிற்கும்.

தைலமரம் மறுதாம்பு (வெட்டிய தூரிலிருந்து வரும் துளிர்) விடும் என்பதால் விறகுக்கு வசதி. கமால்டுலென்சிஸ் வகை உவரை ஓரளவு தாங்கும். களரில் பி.எச். 9–10 வரை நீர்மருதும் புங்கும் நிற்கும். ஆனால் அவை மெதுவாக வளரும், விறகுக்காக மட்டும் போட்டால் கட்டாது. களருக்கு உள்ளூர்க் கருவேலம் நன்றாக ஒத்துப்போகும். தெலுங்கில் அதற்கு 'நல்ல தும்ம' என்று பெயர், 'நல்ல' என்றால் கருப்பு. அதையும் 'சர்க்கார் தும்ம'வையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சர்க்கார் தும்ம என்பது நம் சீமைக்கருவேல், வேலிகாத்தான். உப்பு மண்ணில் அதைப் போல வளர்வது எதுவும் இல்லை, கரியும் முதல் தரம். ஆனாலும் புதிதாக நட்டு வளர்க்கச் சொல்ல மாட்டோம். ஆடுமாடு தின்று சாணத்தில் பரப்பி, பக்கத்து ஏரியும் மேய்க்காலும் போனபிறகு வெட்டி முடிக்க ஒரு தலைமுறை ஆகும். இருப்பதை வெட்டி எரிபொருளாக்குங்கள், தூரோடு எடுங்கள். தரைக்கு மேலே அறுத்தால் பத்துக் கிளையாகத் திரும்பி வரும்.

புல் வகையில் நேப்பியர் கரணை விற்பவர்கள் 'எந்த மண்ணுக்கும் ஏற்றது' என்பார்கள். கடும் களரில் கரணை முளைக்கும், இரண்டாம் அறுப்பில் மஞ்சளித்து நிற்கும். தண்ணீர் நிற்கும் களருக்குக் கர்னால் புல் வேறு ரகம். பி.எச். 10-ஐயும் தாங்கும், அதன் வேர் மண்ணில் விடும் கரியமில வாயு அங்கிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து மண்ணைத் தளர்த்தும். அரியானாவின் கர்னாலில் 1969-ல் தொடங்கிய மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனம் மரமும் இந்தப் புல்லும் சேர்ந்த முறையை நீண்ட காலம் சோதித்திருக்கிறது. சோளத்தட்டு பரவாயில்லை, இ.சி. 6.8 வரை விளைச்சல் குறையாது என்பது நூல் கணக்கு. கரும்பு 1.7-லேயே முகம் சுளிக்கும். எரிபொருள் கரும்பு என்று யாராவது வந்தால் இந்த ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்.

சுக்கான் பாறையும் குழியும்

ஏரி ஆயக்கட்டுக் களரில் இரண்டு மூன்று அடிக்குக் கீழே சுண்ணாம்புச் சுக்கான் கெட்டியாகப் படிந்திருக்கும். கடப்பாரை போட்டால் 'டங்' என்று ஓசை வரும். அதன் மேல் நட்ட மரம் இரண்டு வருஷம் நன்றாக வரும், வேர் பாறையில் முட்டியதும் நின்றுவிடும். இதற்குக் கர்னால்காரர்கள் கொடுத்த வழி துளைக்குழி: டிராக்டரில் மாட்டும் துளைக்கருவியால் 15–20 செ.மீ. அகலத்தில் நாலு, ஐந்து அடி ஆழம் துளைத்துச் சுக்கானை உடைத்துக் கடந்து, எடுத்த மண்ணோடு 3 கிலோ ஜிப்சமும் 8 கிலோ தொழுவுரமும் கலந்து நிரப்புவது.

முறை நல்லது, ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,000 குழிக்கு 3 டன் ஜிப்சம், 8 டன் எரு. நெருக்கி நடும் சவுக்குக்கு இது நடக்கிற காரியமில்லை. இரண்டு மீட்டருக்கு ஒன்று என்று இடைவெளி விடும் கருவேலம், தைலமரத்துக்கு மட்டும் ஏற்கும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஈரக் களியில் துளைத்தால் திருகு சுவரைப் பூசி மெழுகிவிடும், வேர் பானைக்குள் சுற்றுவது போலச் சுற்றும். சற்றுக் காய்ந்திருக்கும்போது துளைத்து, கடப்பாரையால் சுவரைக் கீறிவிட வேண்டும். சுக்கானை முழுக்கக் கடக்காமல் நிறுத்தினால் குழி தண்ணீர்த் தொட்டியாகும். சோடியம் வெளியேற வழியில்லை, எரு அழுகும், வேரும் அழுகும். மூன்றாவது அவசரம்: நிரப்பிய அன்றே நட்டால் மண் அரை அடி இறங்கிக் கன்றின் கழுத்து புதைந்துபோகும். நிரப்பி, இரண்டு முறை தண்ணீர் விட்டு, பதினைந்து நாள் கழித்து இறங்கிய அளவுக்கு மண் போட்டு மேடாக்கி, அதன்பின் நடுங்கள்.

தண்ணீர்

போர்த் தண்ணீருக்கும் ஒரு சீட்டு வாங்குங்கள். இ.சி. மட்டும் பார்த்தால் போதாது, எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 2.5 மில்லிஈக்விவலென்டைத் தாண்டினால் அந்தத் தண்ணீரே நல்ல மண்ணைக் களராக்கும். மேற்குப் பக்கத்துப் பல போர்களில் தண்ணீர் வாய்க்கு இனிக்கும், மண்ணுக்குக் கசக்கும். மாற்று, தண்ணீரை ஜிப்சம் தொட்டி வழியாக விடுவது. லட்சம் லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிஈக்விவலென்ட் குறைக்கச் சுத்த ஜிப்சம் 8.6 கிலோ. 5-லிருந்து 2.5-க்கு இறக்க, ஐந்து செ.மீ. பாய்ச்சலுக்கு ஏக்கருக்கு 43 கிலோ, 75 சதவீத ஜிப்சம் என்றால் 57 கிலோ. தூளை மூட்டையோடு தொட்டியில் போட்டால் வெளிப்புறம் மட்டும் கரைந்து உள்ளே கல்லாகிவிடும். கட்டி ஜிப்சத்தைக் கம்பி வலைக்கு மேலே பரப்பி, தண்ணீர் அடியிலிருந்து மேலே எழும்படி விட வேண்டும்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு ஒரு முரணான விதி: தூறல் விழும்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். சொட்டியைச் சுற்றி ஈரம் முடியும் எல்லையில் உப்பு வளையமாகக் கட்டியிருக்கும். சிறு மழை அந்த வளையத்தைக் கரைத்து வேருக்குள் தள்ளும். சொட்டுநீர் ஓடினால் அது வெளிப்பக்கமே நிற்கும். பெருமழை என்றால் கவலையில்லை, நிறுத்திக்கொள்ளலாம்.

ஏரியோரத்தில் வடிகாலின் வாய்க்குக் கதவு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பழவேற்காட்டு ஏரி மழைக்காலத்தில் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர், கோடையில் சில இடங்களில் கடலையே மிஞ்சும் உப்பு. கார்த்திகையில் உப்பை வெளியேற்றிய அதே வாய்க்கால் மாசியில் ஓதத்தை உள்ளே கொண்டுவரும். வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மடிப்புக்கதவு ஒன்றைக் குழாய் வாயில் மாட்டுங்கள். அது முடியாவிட்டால் தை பிறந்ததும் மண்மூட்டை போட்டு அடைத்துவிடுங்கள். பக்கத்தில் இறால் குட்டை இருந்தால், குட்டை வரப்புக்கும் உங்கள் முதல் வரிசைக்கும் நடுவே மூன்றடி ஆழத்தில் ஒரு கசிவு வாய்க்கால் வெட்டி வடிகாலில் சேருங்கள். வேலி ஓரத்து நாலு வரிசை மட்டும் காய்ந்துகொண்டே வந்தால் நோய் என்று மருந்தடிக்க வேண்டாம், அது கசிவு.

உரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பி.எச். கூடிய மண்ணில் யூரியாவை மேலாகத் தூவினால் அதன் தழைச்சத்தில் பாதிவரைகூட அம்மோனியாவாகப் பறந்துவிடும், அம்மோனியம் சல்பேட் நல்லது. களரில் துத்தநாகம் கிடைக்காது, ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் முதல் வருஷம். பொட்டாஷ் வேண்டுமென்றால் சல்பேட் வடிவில் வாங்குங்கள், மியூரியேட்டில் குளோரைடு இருக்கிறது. உவருக்கு உப்பே உரமா?

வெட்டும்போதும் விற்கும்போதும்

உப்பு நிலத்துக் கட்டையில், அதைவிடப் பட்டையிலும் இலையிலும், குளோரைடும் கார உலோகமும் கூடுதல். கொதிகலனில் சாம்பல் இளகிக் குழாயில் பசையாக ஒட்டும், இரும்பையும் அரிக்கும். ஆலைக்காரர் ஒருமுறை அனுபவப்பட்டால் அந்த ஊர்ச் சரக்கையே ஒதுக்கிவிடுவார். ஆகவே இலை, குச்சி, நுனியை நிலத்திலேயே போட்டுவிடுங்கள். அது மண்ணுக்கு மூடாக்கும் ஆகும். ஒரு மழையில் நனைந்து மறுபடி காய்ந்த கட்டையில் குளோரைடும் பொட்டாசியமும் கணிசமாகக் கழுவிப்போயிருக்கும். அடுக்கிய கட்டை மழையில் நனைந்ததே என்று கவலைப்பட வேண்டாம், தரையில் படாமல் அடியில் இரண்டு கட்டை குறுக்கே போட்டு அடுக்கினால் சரி.

எடையில் ஏமாறாதீர்கள். பச்சைக் கட்டையில் ஈரம் ஏறக்குறைய பாதி. எரித்தால் கிலோவுக்கு 1,850 கிலோகலோரி அளவில்தான் கிடைக்கும். 20 சதவீதத்துக்குக் காய்ந்தால் 3,300. ஆனால் 1,000 கிலோ பச்சை காய்ந்து 20 சதவீத ஈரத்துக்கு வரும்போது எடை 625 கிலோதான். பச்சை விலைக்கே காய்ந்ததையும் எடை போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. விலை பேசும்போதே எந்த ஈரத்துக்கு என்ன விலை என்று எழுதி வாங்குங்கள், அல்லது வெட்டிய அன்றே எடை மேடை ஏற்றுங்கள். லாரி மாநில எல்லை தாண்டும் என்றால், நிலம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வி.ஏ.ஓ. (தமிழ்நாட்டில்) அல்லது வி.ஆர்.ஓ. (ஆந்திரத்தில் கிராம வருவாய் அதிகாரி) தரும் சான்றும் நில ஆவண நகலும் ஓட்டுநர் கையில் இருக்கட்டும். சோதனைச் சாவடியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை.

தைலமரத்தைத் தரையிலிருந்து 10–15 செ.மீ. விட்டு ரம்பத்தால் சாய்வாக அறுங்கள். கோடாரியால் வெட்டினால் பட்டை கிழிந்து மறுதாம்பு உரிந்து விழும். ஆறு மாதத்தில் தூருக்கு இரண்டு கிளை மட்டும் விடுங்கள்.

ஒரே வருஷத்தில் முழுத் தோப்பையும் மொட்டையடிப்பதுதான் கடைசித் தவறு. மரம் இருந்தவரை இழுத்துக்கொண்டிருந்த நீர்மட்டம், வெட்டிய அடுத்த மழையிலேயே ஏறிவிடும். பின்னால் வரும் கோடை அதை வெறும் தரை வழியாக உறிஞ்சி உப்பைப் பூக்க வைக்கும், மறுதாம்பு அதில் கருகும். பத்து வரிசை வெட்டி, பத்து வரிசை அடுத்த வருஷத்துக்கு விடுங்கள். தோப்பின் பள்ளமான மூலையில் இரண்டு மீட்டர் துளை போட்டு, ஓட்டையிட்ட இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை நட்டு மூடி போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை நூலில் கல் கட்டி இறக்கிப் பார்த்தால் போதும். பங்குனியில் தண்ணீர் ஒன்றரை மீட்டருக்கும் மேலே நின்றால் அந்த வருஷம் அந்த மூலையில் கத்தி வைக்காமல், முதலில் வடிகாலைத் தூர் வாருங்கள்.